மரத்தின்மேல் ஒரு வீடு

சென்ற பருவத்தில் யாம் குறிஞ்சிப்பாட்டுப் பாடங் கேட்டுக்கொண்டிருந்தபொழுது ஓரிடத்தில் எம் வகுப்பு முழுதும் சிறிது தயங்கி நின்றது. ஆரியவரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்துதற்பொருட்டுக் கபிலர் பாடிய அந்நூலில், தலைவியும் தோழியும் தினைப்புனங் காக்கப் போகின்றனர். அவர்கள் ஏறியிருந்த இடம் தரைமேலிட்ட பந்தரன்று, மரத்தின்மேற் கட்டப்பட்டது, புலியும் கண்டு அஞ்சுவது. அதனைக் கட்டினவனைச் சேணோன் என்கின்றார் புலவர். சேண் என்பது உயரத்தையும் தொலைவையும் குறிக்குமாகலின், உயரத்தில் இருப்பவன் என்பது அதன் பொருள். "இளமகளிர் இருவர் பகல்முழுதும் மரத்தின்மேல் தங்குதல் கூடுமோ? இது புலவர் கற்பனையன்றோ?" என்று தோழர் ஒருவர் வினவினார். ஆசிரியர் நகைத்து, "கற்பனையென்று தள்ளுமுன் நும் ஊர்ப்புறங்களை ஒருகாற் சுற்றிப் பார்த்து வருக" என்றார்.

அவ்வாரமே மற்றொரு செய்தி எம்மை வந்தடைந்தது. எம் தோழர் ஒருவரின் தமையனார் சிங்கப்பூரிற் பணிபுரிபவர். விடுமுறைக்கு லாவோஸ் நாடு சென்று, ஆங்கே அடர்ந்த காட்டினுள் மரத்தின்மேற் கட்டிய வீட்டில் இரண்டு இரவு தங்கி, ஒரு மரத்தினின்று மற்றொரு மரத்திற்கு எஃகுக் கம்பியில் தொங்கிப் பறந்து சென்றதாகப் படங்களுடன் எழுதியிருந்தார். அப்படங்கள் கைப்பேசியில் எம் வகுப்பைச் சுற்றி வந்தன. பின்னர் அவர் ஆம்பூர் வந்திருந்தபொழுது யாம் மூவர் அவரில்லம் சென்று, கேட்க வேண்டியவற்றையெல்லாம் கேட்டறிந்தோம். கேட்டவற்றையும், அதன்பின் யாமே கண்டதொன்றையும் ஈண்டு எழுதத் துணிந்தோம்.

மேக்கோங் பேராற்றின் ஒரு கரையில் தாய்லாந்தின் சியாங் கோங். மறு கரையில் லாவோஸின் ஹுவாய் சாய். போக்கியோ மாகாணத்தைச் சேர்ந்த இவ்வூரினின்று வண்டியிற் சில மணி நேரம் சென்று, பின்னர்க் கால்நடையாக மலையேறினால் நாம் கான் என்னும் காப்புக் காட்டை அடையலாம். அக்காட்டிற்குரிய பெருஞ்செல்வம் கரிய கொண்டையையுடைய கிப்பன் என்னும் வாலில்லாக் குரங்கு. ஆணும் பெண்ணும் விடியற்காலையில் மாறி மாறிக் கூவுதலை ஒரு பாட்டென்றே கேட்டவர் கூறுவர். வேட்டையாலும், காட்டை வெட்டிச் சுட்டு உழும் உழவாலும் அவ்வினம் அருகிப்போயிற்று. 2000 ஆம் ஆண்டிற்குப்பின் ஆங்கே தோன்றியதொரு முயற்சி, 'காட்டைக் காண வருவோர் தரும் பணத்தைக் கொண்டே காட்டைக் காப்போம்' என்று முற்பட்டது. வில்லும் துப்பாக்கியும் ஏந்தி அதே குரங்குகளை வேட்டையாடிய ஊரார் சிலர் இப்பொழுது வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் ஊதியம் பெறுகின்றனர். வீடுகள் சில தரையினின்று 30 மீட்டருக்கு மேலுள்ளன. அவற்றுட் சிலவற்றிற்கு ஏணியே இல்லை. கம்பியில் தொங்கிச் சென்றுதான் வாயிலை அடைதல் வேண்டும். "முதன்முறை கால் தரையை விட்டபொழுது, வீட்டிலிருக்கும் அம்மாவை நினைத்துக்கொண்டேன்" என்று அத்தமையனார் கூறியபொழுது, அருகில் நின்ற அவர்தம் அன்னையார் அடுக்களைக்குள் சென்றுவிட்டார்கள்.

இக்கம்பி விளையாட்டினை ஜிப்லைன் என்பர். யாம் கம்பிச்சறுக்கு என வழங்குவோம். அதன் இயல்பு மிக எளிது. உயர்ந்த இடத்தினின்று தாழ்ந்த இடத்திற்கு எஃகு வடம் ஒன்று இழுத்துக் கட்டப்படும். வடத்தின்மேல் உருளும் கப்பியினின்று, இடுப்பிலும் தொடையிலும் வார் பூட்டிய மனிதன் கொக்கியால் தொங்குவான். கிணற்றுக் கப்பியில் கயிறு ஓடும், கப்பி ஓரிடத்தில் நிற்கும். ஈண்டுக் கயிறு நிற்க, கப்பி ஓடுகின்றது. ஓட்டுவது பூமியின் இழுப்பன்றி வேறில்லை. 20 மீட்டர் இறக்கமுள்ள வடத்தில், உராய்வும் காற்றும் தடுக்காவிடின், இறுதியில் மணிக்கு 71 கிலோமீட்டர் வேகம் பிறக்கும். உண்மையில் அவ்விரண்டும் தடுத்தலால் வேகம் அதனிற் குறையும். மெலிந்தவர் சிலர் மறுகரை சேராது நடுவிலேயே நின்றுவிட, கையால் வடத்தைப் பற்றி இழுத்து இழுத்துக் கரையேறுவதும் உண்டு. எம் மூவரில் ஒருவர் இதனைக் கேட்டு முகம் வாடினார். அவர் யாரென்பது எம் விடுதியிலுள்ளார்க்குச் சொல்லாமலே விளங்கும்.

ஆயினும் எளிதெனத் தோன்றுவதில் ஒரு நுட்பம் மறைந்துள்ளது. வடம் எவ்வளவு விறைப்பாகக் கட்டப்படுகின்றதோ அவ்வளவு நன்று என்றே யாம் எண்ணியிருந்தோம். அஃது அவ்வாறன்று. 100 மீட்டர் அகலமுள்ள பள்ளத்தின் குறுக்கே கட்டிய வடத்தின் நடுவில் 70 கிலோ எடையுள்ள ஒருவர் தொங்குகின்றார் எனக் கொள்வோம். அவ்விடத்தில் வடம் 5 மீட்டர் தொய்யுமாறு விட்டால், வடத்தில் ஏறும் இழுவிசை அவர் எடையைப்போல் 5 மடங்கு. தொய்வு 1 மீட்டரே இருக்குமாறு இறுக்கினால் அதுவே 25 மடங்காகின்றது. அஃதாவது 1,750 கிலோ. வடத்தின் சொந்த எடை இதனிற் சேராது. துணியுலர்த்தும் கொடியை மிக இறுக்கிக் கட்டி, ஈரப் போர்வையை இட்டவுடன் ஆணி பிடுங்கிக்கொண்டு வந்ததைக் கண்டவர்க்கு இதற்குக் கணக்கு வேண்டுவதில்லை. தொய்வுதான் உயிர் காக்கின்றது.

மரத்தின் நிலையையும் எண்ணுதல் வேண்டும். இலை சமைத்த உணவு பட்டையின் உட்புறத்தின் வழியாகவே வேருக்கு இறங்குகின்றது. மரம் ஆண்டுதோறும் பருத்து வருவது. ஆகவே அடிமரத்தைச் சுற்றி வடத்தைச் சுருக்கிட்டால், சில ஆண்டுகளில் அது பட்டையுள் அழுந்தி மரத்தின் கழுத்தை நெரித்துவிடும். இதனால் வடத்திற்கும் மரத்திற்கும் இடையே கட்டைத் துண்டுகளை வரிசையாகச் செருகி, காலந்தோறும் தளர்த்திக் கட்டுவர். சுற்றிலும் பட்டை உரித்த மரம் நில்லாது என்பதைத் தோல் ஷாப்புக்குப் பட்டை கொண்டுவந்து விற்றோர் எம் பக்கத்தில் நெடுங்காலமாக அறிவர்.

கம்பிச்சறுக்கைப் புதியதொரு மேனாட்டுக் களியாட்டாகக் கருதுவோர் பலர். 1970களில் கோஸ்டா ரிக்கா நாட்டில் டொனால்டு பெர்ரி என்னும் உயிர்நூல் ஆராய்ச்சியாளர், காட்டின் மேற்கவிகையில் வாழும் உயிர்களை ஆராய்வதற்காகக் கயிறுகளை மரத்திற்கு மரம் கட்டி ஏறியிறங்கினார். பிற்காலத்தில் அந்நாட்டில் அதுவே உல்லாசப் பயணிகளுக்குரிய தொழிலாயிற்று. ஆயின் அவர்க்கு நெடுங்காலம் முன்னரே சீனத்தின் யுன்னான் மாகாணத்து நூசியாங் ஆற்றங்கரையில் லிசு மக்கள் கயிற்றில் தொங்கி ஆறு கடந்தனர். நேபாளத்தில் துயின் என்று பெயர். கறவையும் மூட்டையும் பிள்ளையுமாக, பள்ளிக்கும் சந்தைக்கும் அவ்வழியே சென்றனர். கை தவறி ஆற்றில் மாண்டோரும் உண்டு. பாலங்கள் கட்டப்பட்டு வருதலால் அவை அருகி வருகின்றன. பாலம் கிடைத்தவர் எவரும் கயிற்றுக்காக ஏங்கியிருப்பரென்று யாம் நினையோம்.

மர வீட்டின் கதையும் இத்தகையதே. பொதிகைச் சாரலிலும் அதற்கு மேற்கேயும் வாழும் காணிக்காரர் யானைக்கு அஞ்சி மரத்தின்மேல் அமைத்த குடில் ஏறுமாடம் எனப்படும். ஒற்றை மூங்கிலின் கிளைகளைக் கணுவையடுத்துக் குறுக வெட்டி, அக்குறைகளில் கால் வைத்து ஏறுவர். இதுவே கண்ணேணி, மலைத்தேன் எடுப்போர் கட்டும் இத்தகைய ஏணியைச் சங்கப் புலவர் மால்பு என்றனர். நியூகினித் தீவின் மேற்குப் பகுதியில் கொரோவாய் என்னும் மக்களும் மர வீடுகளுக்குப் பெயர்பெற்றவர். அவர்களைப்பற்றி 2011 இல் பி.பி.சி. ஒளிபரப்பிய படத்தில் வானளாவிய மரத்தின்மேல் ஒரு குடும்பம் குடிபுகுந்ததைக் கண்டு உலகம் வியந்தது. அவ்வீடு படமெடுப்பதற்கென்றே கட்டப்பட்டது, அவர்கள் வாழும் இயல்பான வீடன்று என்று 2018 இல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. உண்மை வீடுகள் அவ்வளவு உயரமல்ல. அச்சம் எவ்வளவோ அவ்வளவே உயரம் கட்டுவான் மனிதன். அதற்கு மேலுள்ளது பார்ப்பவர்க்காக.

எம் நாட்டிற்கு வருவோம். பரண், இதணம், கழுது, பணவை என இவ்வொரு பொருளுக்குப் பழந்தமிழில் பல பெயர்கள் வழங்கின. ஒரு பொருளுக்குப் பல பெயர் இருப்பின் அப்பொருள் வாழ்விற் பெரிதும் வேண்டப்பட்டது என்று கொள்ளலாம். பரண்மேல் இருப்போர்க்குக் கருவிகளும் உண்டு. தட்டை, தழல், குளிர் என்பன ஓசையெழுப்பிக் கிளி கடிவன, கவண் கல்லெறிவது. இவற்றுள் முதல் மூன்றையும் குறிஞ்சிப்பாட்டிலேயே காணலாம். இன்னும் எமக்கு நெருங்கிய சான்று மலைபடுகடாம். அந்நூற்குத் தலைவனாகிய நன்னனின் ஊர் செங்கண்மா. அதுவே இக்காலத்துச் செங்கம். வேலூர்க்குத் தெற்கே ஜவ்வாது மலையைக் கடந்தால் அவ்வூர். ஆகவே பெருங்கௌசிகனார் கூத்தர்க்குக் கூறும் மலைவழி எம் கல்லூரி மாடியினின்று நீலமாகத் தோன்றும் மலைகளுக்கு மிக அணித்து. அவ்வழியில் அவர் தரும் எச்சரிக்கைகளுள் ஒன்று சுவையானது: யானையை ஓட்டுதற்குப் புனங்காவலர் உயரத்தினின்று கவணில் எறியும் கற்கள் விரைந்து வரும், மரங்களின் பின் மறைந்து செல்க என்கின்றார். பரணிலிருப்பவன் மேற்குற்றமில்லை, அவன் யானைக்குத்தான் எறிகின்றான். வழிப்போக்கன்தான் விழிப்பாயிருத்தல் வேண்டும். இதனை எழுதியவர் அவ்வழியில் நடந்தவராகவே இருத்தல் வேண்டும் என்பது எம் துணிபு.

இனி, ஆசிரியர் ஏவியபடி ஊர்ப்புறம் சுற்றிய கதை.

எம் தோழர் ஒருவரின் பாட்டனார்க்குப் பேரணாம்பட்டுக்கு அப்பால் மலையடிவாரத்தில் சிறிது நிலம் உண்டு. அம்மலைக்கு வடக்கே ஆந்திர நாடு. பலமநேர்ப் பக்கத்துக் காடுகள். ஆங்கே ஏறத்தாழ 200 ஆண்டு யானையே இல்லாதிருந்து, 1980களில் தமிழ்நாட்டு, கருநாடகக் காடுகளினின்று யானைகள் மீண்டும் குடியேறின. 1990 இல் அவற்றின்பொருட்டு அவ்விடம் கௌண்டின்ய சரணாலயம் ஆயிற்று. யானைக்கு மாநில எல்லை தெரியாது. ஆகையால் குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்து நிலங்களில் நெல்லும் கரும்பும் மாவும் தென்னையும் அவற்றின் வழியிலேயே நிற்கின்றன. பன்றிகளோ எல்லாக் காலத்தும் உள. தமையனாரின் படங்களைக் கண்டு வாய்பிளந்த அதே திங்களில், கல்லூரியினின்று இரண்டு மணி நேரத்திற்குள் அடையத்தக்க இடத்தில் ஒருவர் இரவுதோறும் மரத்தின்மேல் உறங்காமல் இருக்கின்றார் என்பதை அறிந்தபொழுது யாம் சிறிது நாணினோம்.

நிலத்தின் தலைமாட்டில் ஒரு பெரிய வேம்பு. அதன் கவட்டில், தரையினின்று 15 அடி உயரத்தில் பரண். எஃகுமில்லை, திருகாணியுமில்லை. இரண்டு பருத்த கிளைகளின்மேல் குறுக்காக மூங்கிற் கழிகளைப் பரப்பி, தேங்காய்நார்க் கயிற்றால் கட்டியிருந்தார். நார்க்கயிறு இரண்டொரு மழைக்காலத்தில் இற்றுவிடும். மீண்டும் கட்டல் வேண்டும். அதனாலேயே மரத்தின் கழுத்து நெரியவில்லை என்பதை அங்கு ஏறிய பின்னரே உணர்ந்தோம். மேலே தென்னங்கீற்று வேய்ந்த ஒரு சிறு கூரை. உள்ளே ஒரு கோணி, ஒரு டார்ச்சு விளக்கு, தட்டுவதற்கு ஒரு பழைய எண்ணெய்த் தகரம், ஒரு பெட்டிப் பட்டாசு. தட்டை தகரமாயிற்று, தழல் பட்டாசாயிற்று. வெள்ளரித் தோட்டத்துக் காவற்குடிசை தனித்து நிற்பதை ஏசாயா தீர்க்கதரிசி ஓர் உவமையாக எடுத்தாண்டது எமக்கு நினைவு வந்தது. அறுவடைக்குப்பின் அக்குடிசையைவிடத் தனிமையானது யாதுமில்லை.

பாட்டனார் இளமையில் தோல் ஷாப்பில் இருபதாண்டுக்கு மேல் உழைத்தவர். பட்டைப் பதனிலும் குரோமப் பதனிலும் கை நனைத்தவர். முழங்கை வரையில் தோல் வெளுத்துப்போயிருந்தது. இரவு பத்து மணியிருக்கும். பன்றி எதுவும் வராமையால் பேச்சு லாவோஸுக்குத் திரும்பிற்று. கம்பியில் விரைந்து செல்வோர் எவ்வாறு நிற்பர் என்று அவர் கேட்டார். வடத்தின் முடிவில் வில்லைப்போன்ற சுருள் ஒன்று தடுப்பதும் உண்டு, வடமே சற்று மேலேறி வேகத்தைத் தணிப்பதும் உண்டு. சில இடங்களில் தடித்த தோலுறை அணிந்த கையால் கப்பிக்குப் பின்னே வடத்தைத் தாழ அமுக்குவர், முன்னே கை வைத்தால் விரல் கப்பியில் அகப்படும் என்று யாம் படித்ததைச் சொன்னோம்.

அவர் உடனே நிமிர்ந்தார். அவர் சொன்னபடியே எழுதுகின்றோம்: "தோலுதான் சரி. ரப்பரு, நைலானு எல்லாம் சூட்டுல உருகிக் கையில ஒட்டிக்கும். தோலு கருகும், உருகாது. ஆனா அது பட்டைத்தோலா, குரோமா?"

யாம் விழித்தோம். அவரே விளக்கினார். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுப் பதனிட்ட தோல் கனமும் வடிவும் உடையது. ஆயின் வெந்நீரில் இட்டாற் சுருங்கிவிடும். குரோமத்திற் பதனிட்டது கொதிநீரையும் தாங்கும். ஆகவே பற்றுவைப்போரின் கையுறை குரோமத் தோலாலேயே செய்யப்படும்; கம்பிக்கும் அதுவே ஏற்றது என்பது அவர் முடிவு. குரோமம் தாங்கும் சூட்டைப் பாலாறு தாங்கவில்லை என்பதும் அவர்க்குத் தெரிந்ததே. 1996 இல் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நலச்சங்கத்தின் வழக்கில் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரைப்பற்றித் தீர்ப்பளித்தபொழுது அவர் இன்னும் வேலையிலிருந்தவர். "தண்ணி போச்சு. மலையோரத்துல கெணறு நல்லாருக்குன்னுதான் இங்க வந்தேன். இங்க ஆனை" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

பேரனாகிய எம் தோழர் கைப்பேசியைத் திறந்து, லாவோஸின் மர வீட்டைத் தம் தாத்தாவிற்குக் காட்டினார். முதியவர் அதனை நெடுநேரம் நோக்கினார். மெத்தை இருந்தது; கொசுவலை இருந்தது; கீழே எட்டியமட்டும் பச்சைக் காடு. ஓர் இரவுக்கு எவ்வளவு ஆகுமென்று வினவ, தமையனார் கொடுத்த தொகையைச் சொன்னோம். அவர் அதனை நம்பவில்லை. காட்டைக் காப்பதற்கு அப்பணம் பயன்படுகின்றது, வேட்டைக்காரரே காவற்காரர் ஆயினர் என்று யாம் எடுத்துரைத்தோம். அதனை மட்டும் அவர் மதித்துத் தலையசைத்தார். "காவலுக்குச் சம்பளம் குடுக்கறது நல்லதுதான்" என்றார். தமக்குச் சம்பளம் தருவார் எவரென்று அவர் கேட்கவில்லை. யாமும் அப்பேச்சை எடுக்கவில்லை. சென்ற ஆண்டு ஒரே இரவில் அவரது நெல்லில் பாதி மிதிபட்டது என்பதும், ஈடு கேட்டு எழுதிய தாள்கள் இன்னும் நடந்துகொண்டிருக்கின்றன என்பதும் பேரன் முன்னரே எமக்குச் சொல்லியிருந்தார்.

மீண்டும் படத்தைக் கையிலெடுத்தார். இரண்டு விரலால் அதனைப் பெரிதாக்கக் கற்றுக்கொடுத்தோம். மர வீட்டை விட்டு, அதன் அடியில் இருந்த பச்சையையே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"கீழ இன்னா பயிரு வெச்சிருக்காங்க?"

பயிர் ஒன்றுமில்லை என்றோம்.

"ஒண்ணுமில்லையா? அப்ப ராத்திரியில எதுக்கு மேல ஏறி உக்காரணும்?"

விடியற்காலையில் குரங்கு பாடுவதைக் கேட்பதற்கு என்று பேரன் கூறத் தொடங்கினார். அதற்குள் வேலிப்பக்கம் சருகு நொறுங்கும் ஓசை கேட்டது. முதியவர் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்து, அதன் ஒளி வெளியே தெரியாதவாறு கோணியால் மூடினார், விளக்கை எடுத்தார், ஆனால் ஏற்றவில்லை. எம்மைப் பேசாதிருக்குமாறு கையமர்த்திவிட்டு, இருளையே நோக்கியிருந்தார்.